ஜூரி ரிக்: மரம் முறிந்த படகைக் கரை சேர்ப்பது எப்படி

போன மாதம் பாய்மரப் படகுப் பயிற்சிக்கான தமிழ்க் கையேடு ஒன்றைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். 17ஆம் பக்கத்தில் 'நடுவர் பாய்மரம் அமைத்தல்' என்று ஒரு தலைப்பு. இரண்டு முறை படித்தும் புரியவில்லை. மூன்றாம் முறை சிரிப்பு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஜூரி மாஸ்ட்' என்று இருந்ததை அகராதியைப் பார்த்துத் தமிழாக்கியிருக்கிறார்கள். பாய்மரத்துக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தச் சொல் 400 வருடமாக ஆங்கிலேயர்களையே குழப்பிக்கொண்டிருக்கிறது.

நான் தூத்துக்குடிக்காரன். 18 வயதில் தோணியில் ஏறி மூன்று வருடம் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனேன். அப்புறம் 26 வருடம் வணிகக் கப்பல்களில், கடைசி 9 வருடம் போசனாக, அதாவது தளத்து மாலுமிகளின் தலைவனாக. வடக்கத்திக்காரர்கள் சாரங் என்பார்கள், அதே வேலைதான். கையேட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதித்தருவதாகச் சொன்னேன். எழுதினால் அவர்கள் கேட்ட அளவைவிட ஆறு மடங்கு நீண்டுவிட்டது. அதுதான் இது.

முதலில் சொல். ஜூரி மாஸ்ட் என்றால், இருந்த பாய்மரம் முறிந்துபோன இடத்தில் கையில் கிடைத்த கட்டையை நட்டு நிறுத்தும் மாற்று மரம். அதற்குக் கயிறும் பாயும் கட்டி, கப்பலை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தால் அது ஜூரி ரிக். வர்ஜீனியா குடியேற்றத்தின் கதையில் வரும் கேப்டன் ஜான் ஸ்மித் 1615இல் பிளிமத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். நடுக்கடலில் புயல் மரங்களை முறித்துப்போட்டது. ஜூரி மரம் ஒன்றை நட்டுக்கொண்டு பிளிமத்துக்கே திரும்பினார். 1616இல் அச்சான அவருடைய புத்தகத்தில் அந்தச் சொல் இருக்கிறது; இதுவரை கிடைத்த பழைய சான்று அதுதான். விளக்கம் எதுவும் சொல்லாமல் எழுதிவிட்டுப் போகிறார். அப்படியென்றால் மாலுமிகளின் வாயில் அது அதற்கு முன்பே புழங்கியிருக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று ஊகங்கள் உண்டு. உதவி என்று பொருள்படும் 'அஜூரி' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. நாள் என்று பொருள்படும் பிரெஞ்சு 'ஜூர்', அதாவது இன்றைய நாளுக்கு மட்டும் என்பது இரண்டாவது. காயத்தைக் குறிக்கும் 'இன்ஜுரி' தலை வெட்டுப்பட்டு 'ஜூரி' ஆனது என்பது மூன்றாவது. அகராதிக்காரர்கள் முதலாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. சான்று பார்த்துச் சொல்லவில்லை. அந்த வேலையின் குணம் அதில் சரியாக இருக்கிறது என்பதால் சொல்கிறேன். நீதிமன்ற ஜூரிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'ஜெரி பில்ட்' என்று ஒரு சொல். அது 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்காரர்களிடமிருந்து வந்தது. மட்டமான செங்கல்லை வைத்து ஏமாற்றிக் கட்டிய வீடு என்று பொருள். காது ஒன்றாகக் கேட்பதால் இரண்டும் கலந்து, 20ஆம் நூற்றாண்டில் 'ஜெரி ரிக்' என்று மூன்றாவதாக ஒன்றும் பிறந்துவிட்டது. எனக்கு இதில்தான் கோபம். ஜெரி பில்ட் வீடு கட்டும்போதே மோசம். ஜூரி மரமோ நல்ல மரம் போனபின், இருப்பதை வைத்து ஒழுங்காகச் செய்தது. முதலாவது ஏமாற்று வேலை, இரண்டாவது கைத்திறன்.

எங்கள் பக்கத்துத் தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் அருகருகே இருக்கின்றன. ஒக்கிடுவது என்றால் பழுது பார்த்துப் பழையபடி ஆக்குவது. ஒப்பேற்றுவது என்றால் இப்போதைக்கு ஓடவைப்பது. ஜூரி ரிக் என்பது ஒப்பேற்றுவது. ஆனால் எந்தத் துறைமுகம் வரைக்கும் ஒப்பேற்றுகிறோம் என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டு ஒப்பேற்றுவது.

சரி, மரம் முறிந்துவிட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில் தலைகளை எண்ணுங்கள். யாருக்கு அடிபட்டிருக்கிறது, யாராவது கடலில் விழுந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்து எல்லோரும் செய்யும் தவறு, எஞ்சினைப் போடுவது. போடாதீர்கள். மரத்தோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு கயிறுகளும் கம்பிகளும் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். படகைத் தள்ளும் எஞ்சின் விசிறியில் ஒன்று சுற்றினால், மரம் போனதோடு எஞ்சினும் போயிற்று. கடலுக்குள் கிடக்கும் கயிற்றையெல்லாம் ஏற்றி முடித்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் சாவியில் கை வைக்க வேண்டும்.

படகின் ஆட்டம் மாறிவிடும் என்பதற்கும் தயாராக இருங்கள். உயரத்தில் இருந்த கனம் போனதும் படகு நின்று நிதானமாகச் சாயாது, வெடுக்வெடுக்கென்று ஆடும். 20 வருடம் கடலில் கிடந்தவனுக்கும் அப்போது வாந்தி வரும். அதனால் தளத்தில் நிற்காதீர்கள். உட்கார்ந்தே, இடுப்பில் கயிறு மாட்டியே வேலை செய்யுங்கள்.

விழுந்த மரம் பெரும்பாலும் காற்று போகும் பக்கமாகத் தண்ணீரில் கிடக்கும், கம்பிகள் இன்னும் படகோடு பிடித்திருக்கும். அலைக்கு அலை அதன் முறிந்த முனை படகின் பக்கப் பலகையில் இடிக்கும். ஓட்டை போட அதற்கு அரைமணி நேரம் போதும். இழுத்து ஏற்ற முடிந்தால் ஏற்றிவிடுங்கள். முடியாவிட்டால் கழற்றி விடுங்கள். கம்பியை வெட்டத் தொடங்குமுன் கம்பிகள் தளத்தில் பிடிக்கும் இடத்திலுள்ள ஆணிகளைப் பாருங்கள். ஆணி கழன்றுவிடாமல் அதன் நுனியில் மாட்டியிருக்கும் பிளவூசியைக் குறட்டால் உருவிவிட்டு, ஆணியைச் சுத்தியலும் துளையுளியும் வைத்துத் தட்டினால் முழுக் கம்பி மிச்சம். அந்தக் கம்பி ஒரு மணி நேரம் கழித்து உங்களுக்குத் தங்கம். ஆணி நெளிந்து வராமல் போனால் வெட்டுக்கத்தரி. அதுவும் இல்லையென்றால் இரும்பறுக்கும் ரம்பமும் பத்து அலகும். அணியத்துப் பக்கக் கம்பியை, அதாவது படகின் முன்முனைக் கம்பியை, கடைசிக்கு வைப்பது என் வழக்கம். முன்னால் பிடித்திருக்கும்வரை முறிந்த மரம் அணியத்துக்கு முன்னே மிதக்கும், சுக்கானுக்கு அடியில் போகாது.

எதையும் ஆத்திரத்தில் கடலில் தள்ளாதீர்கள். பாயின் அடிக்கட்டை, பலூன் பாய்க்கு வைத்திருக்கும் கழி, துடுப்பு, ஏணி, படுக்கைப் பலகை எல்லாம் இனிமேல் மரம்தான்.

இனி நடுவது. எங்கள் தோணியின் தலைவரான தண்டலிடம் நான் கற்றது இங்கேதான். ஒருமுறை கொழும்பிலிருந்து திரும்பும்போது கச்சான் காற்றில் எங்கள் தோணியின் பருமல் முறிந்தது. மரம் நின்றது, பாயைத் தாங்கும் குறுக்குக்கழிதான் போயிற்று. நாங்கள் நாலு பேரும் ஓடிப்போய் ஆளுக்கொரு கயிற்றை இழுத்தோம். தண்டல் மட்டும் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முடித்துவிட்டுத்தான் எழுந்தார். "ஏலே, இதை எடுத்து எங்க வைக்கப் போறன்னு தெரிஞ்சா எடு. தெரியலேன்னா கெடக்கட்டும்" என்றார். படகு மூழ்கவில்லையென்றால் அவசரம் இல்லை. தேநீர் போடுங்கள். ஒரு தாளில் படம் வரையுங்கள். நட்ட பிறகு யோசித்தால் இரண்டாம் முறை நடவேண்டி வரும்.

கழி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதன் அடியை நழுவாமல் நிறுத்துவதே முதல் கவலை. பழைய மரத்தின் அடிக்கட்டை நின்றால் அதோடு சேர்த்து மூன்று இடத்தில் இறுகக் கட்டுங்கள். கட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஆப்பு அடியுங்கள். ஒன்றுமே நிற்கவில்லையென்றால் பலகையில் நாலு கட்டை அடித்துக் குழிபோல ஒரு பீடம் செய்து அதில் நிறுத்தலாம். ஒரே நீளத்தில் இரண்டு கழிகள் இருந்தால் அதிர்ஷ்டம். தலைப்பக்கத்தைச் சேர்த்துக் கட்டி, கால்களை இரண்டு பக்கத்து ஓரங்களிலும் விரித்து நிறுத்தலாம். பக்கவாட்டில் அது தானாகவே நிற்கும், முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு போதும். தலைக்கட்டு வழுக்காமலிருக்கக் கழிகளுக்கு நடுவே கித்தான் துண்டைச் சுற்றுங்கள்.

தூக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தளத்தில் படுத்திருக்கும் கழியின் தலையில் கயிறு கட்டி முன்னாலிருந்து இழுத்தால் அது எழும்பாது. இழுப்பு முழுவதும் கழியின் நீளத்திலேயே போகும், நீங்கள்தான் களைப்பீர்கள். கயிறு மேலிருந்து இழுக்க வேண்டும். அதற்காகக் கழியின் அடிக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பை நேராக நிறுத்தி, அதன் உச்சி வழியாகக் கயிற்றைக் கொண்டுபோய்க் கப்பியில் போட்டு இழுங்கள். பெரிய கழி நிமிர நிமிரக் குட்டைக் கம்பு சாயும். பெரிய கழி பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டால் மீதி சுலபம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கயிறு பிடித்து, பக்கவாட்டில் விழாமல் கூடவே இறக்கிக்கொண்டு வர வேண்டும். கழிக்கு அடியில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

உச்சியில் தாங்குகயிறுகளை மாட்டும் வளையம் ஜூரிக் கழியில் இருக்காது. அதற்கென்றே ஒரு முடிச்சு உண்டு, ஜூரி மாஸ்ட் முடிச்சு. கயிற்றின் நடுப்பகுதியில் ஒரே திசையில் சுற்றிய மூன்று வளையங்களைப் போடுங்கள், ஒவ்வொன்றின் விளிம்பும் அடுத்ததன் அடியில் கொஞ்சம் போகும்படி. இடக்கடை வளையத்தின் உள்விளிம்பை வலப்பக்கமாகவும், வலக்கடை வளையத்தின் உள்விளிம்பை இடப்பக்கமாகவும், குறுக்கே வரும் கயிறுகளுக்கு மேலும் கீழும் மாற்றி மாற்றி நுழைத்து வெளியே இழுக்க வேண்டும். நடு வளையத்தின் மேல்விளிம்பு மேலே போகும். மூன்று காது கிடைக்கும். கழியின் தலை நடுவே நுழையும். காதுகளில் பக்கக் கயிறுகளையும் முன்கயிற்றையும் கட்டி, கீழே தொங்கும் இரண்டு நுனிகளைப் பின்பக்கத்துக்கு எடுக்கலாம். படித்துக் கற்கும் முடிச்சு இல்லை இது. ஒரு துடைப்பக்கட்டையும் நாலு மீட்டர் கயிறும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முடிச்சுப் புத்தகங்கள் இதை அலங்காரமாகப் படம் போடும். ஆனால் வழவழப்பான அலுமினியக் கழியில் இந்த முடிச்சு மட்டும் நிற்காது, சரிந்து இறங்கும். கீழே ஒரு கட்டையை ஆணியடித்தோ கம்பியால் கட்டியோ நிறுத்துங்கள். அதுகூட முடியாவிட்டால், நாலு கயிற்றையும் தனித்தனியே உச்சியில் சுருக்குப்போட்டுக் கட்டினாலும் பாவமில்லை.

தாங்குகம்பிகளைக் கிளிப் போட்டு நீளம் குறைக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். கிளிப்பில் வளைந்த ஆணி ஒரு பக்கம், சேணம் ஒரு பக்கம் இருக்கும். சேணம் சுமை தாங்கும் கம்பியின் மேல் வர வேண்டும், வளைந்த ஆணி வெட்டு நுனியின் மேல். ஆங்கில மாலுமிகள் 'செத்த குதிரைக்குச் சேணம் கட்டாதே' என்று சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொடுப்பார்கள்; சுமை தாங்காத வெட்டு நுனிதான் அந்தச் செத்த குதிரை. மாற்றிப் போட்டால் சுமை தாங்கும் கம்பி நசுங்கும். குறைந்தது மூன்று கிளிப், கம்பியின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு இடைவெளி. இறுக்குவதற்குத் திருகு வேண்டியதில்லை. மெல்லிய கயிற்றை ஐந்தாறு சுற்றுப் போட்டு ஒவ்வொரு சுற்றாக இழுத்தால் போதும். பெரிய போர்க்கப்பல்களின் மரமெல்லாம் அப்படிக் கயிற்றுச் சுற்றில்தான் நின்றது.

1798 மே மாதம் சார்டீனியாவுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் வான்கார்ட் என்ற போர்க்கப்பல் புயலில் முன்மரத்தை இழந்தது. அலெக்சாண்டர் என்ற கப்பல் அதைக் கட்டி இழுத்து சான் பியெட்ரோ தீவில் சேர்த்தது. துணைக்கப்பல்களின் தச்சர்களும் சேர்ந்து நாலே நாளில் ஜூரி மரம் நட்டு, மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார்கள். ஆகஸ்ட் 1 அன்று நைல் முகத்துவாரப் போரில் அதுதான் தளபதியின் கொடி பறந்த தலைமைக் கப்பல். இந்தக் கதையை எல்லோரும் இத்தோடு நிறுத்திக் கைதட்டுவார்கள். போர் முடிந்து நேப்பிள்ஸுக்குப் போகும் வழியில், அதே செப்டம்பரில், ஒரு சூறையில் வான்கார்டின் முன்மரம் மறுபடி விழுந்தது. நாலு நாள் வேலை நாலு மாதம் நின்றதே பெரிய காரியம்.

பாய் கட்டுவது சுலபமான பகுதி. புயலுக்கு வைத்திருக்கும் சின்னப் பாய் எது இருந்தாலும் அதை எடுங்கள். நீளம் கூடுதலாக இருந்தால் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம், அல்லது உச்சியை முடிச்சுப்போட்டுக் குறைக்கலாம். பாய் அழகாக நிற்க வேண்டும் என்று பார்க்காதீர்கள். 1921 மே மாதம் அமெரிக்க நீர்மூழ்கி ஆர்-14, காணாமல்போன கப்பல் ஒன்றைத் தேடப்போய், ஹவாய்க்குத் தென்கிழக்கே எரிபொருள் தீர்ந்து நின்றுவிட்டது. தூங்குவதற்கு வைத்திருந்த எட்டு ஊஞ்சல் துணிகளைத் தைத்து ஒரு பாய், கட்டில் சட்டக் குழாய்களைச் சேர்த்து அதற்குக் கழி. வேகம் ஒரு நாட், அதாவது மணிக்கு ஒரு கடல்மைல். அது போதாதென்று ஆறு போர்வையில் இன்னொரு பாய், எட்டுப் போர்வையில் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அரை நாட் கூடியது. 64 மணி நேரத்தில் ஹீலோ துறைமுகம். நீர்மூழ்கியே போர்வையில் ஓடுமென்றால் உங்கள் படகு ஓடாதா?

ஆனால் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜூரிப் பாயில் காற்றை எதிர்த்து ஏற முடியாது. 20 கடல்மைலில் தெரியும் துறைமுகம் காற்றுக்கு எதிர்த்திசையில் இருந்தால் அது உங்களுக்கு இல்லை. காற்று போகும் பக்கம் 150 மைலில் இருப்பதுதான் உங்கள் துறைமுகம். வரைபடத்தை விரித்து அதைத்தான் முதலில் தேட வேண்டும். தண்ணீரையும் சாப்பாட்டையும் அந்தக் கணக்கில் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ரேடியோ ஆன்டெனாவும் விளக்கும் மர உச்சியோடு போயிருக்கும். உதிரி ஆன்டெனாவை ஜூரி மரத்தில் எவ்வளவு உயரமாகக் கட்டுகிறீர்களோ அவ்வளவு தூரம் உங்கள் குரல் கேட்கும்.

சுக்கான் போனால் சுருக்கமாக: நீளக் கழியில் பலகையை ஆணியடித்து, பின்பக்கம், எங்கள் பேச்சில் அமரம், அங்கே துடுப்புபோலக் கட்டிப் பாருங்கள். கனமான படகுக்கு அது நிற்காது. பின்னால் ஒரு வாளியையோ பழைய டயரையோ இழுவையாக விட்டு, அதன் கயிற்றை இரண்டு பக்கமும் பிரித்துக் கட்டி, வலப்பக்கம் இழுத்தால் படகு வலம், இடப்பக்கம் இழுத்தால் இடம். மெதுவாகத்தான் திரும்பும்.

ஓட்டைக்கு வருவோம். 1770 ஜூன் 11 இரவு ஆங்கிலக் கடலோடி கேப்டன் குக்கின் எண்டவர் கப்பல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் ஏறி, 23 மணி நேரம் மாட்டிக்கொண்டது. பீரங்கிகளைக்கூடக் கடலில் போட்டுத்தான் மிதக்கவைத்தார்கள். மாங்க்ஹவுஸ் என்ற இளம் அதிகாரி, முன்பு ஒரு வணிகக் கப்பலில் பார்த்த வித்தையைச் செய்தார். ஒரு பாயை விரித்து, கலப்பத்துக்கு, அதாவது பலகை இடுக்குகளை அடைக்க, வைத்திருந்த சணல் நாரையும் கம்பளி ரோமத்தையும் நறுக்கிக் கைப்பிடி கைப்பிடியாக அதில் தைத்து, மேலே ஆட்டுப் புழுக்கையைப் பூசினார். கயிறு கட்டி அதைக் கப்பலுக்கு அடியில் இழுத்துப்போனால் தண்ணீரே உள்ளே இழுத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அதன்பின் ஒரே பம்பு போதுமானதாக இருந்தது. கரையில் சாய்த்துப் பார்த்தபோது ஓட்டைக்குள் ஒரு பவளக்கல்லும் சொருகியிருந்தது. பாதிப் புண்ணியம் அதற்கு. இன்றைக்கும் இது வேலை செய்யும். ஆட்டுப் புழுக்கைக்குப் பதில் மெத்தை போதும். ஓட்டைக்கு வெளியிலிருந்து அடைப்பது உள்ளிருந்து அடைப்பதைவிட நல்லது, தண்ணீரின் அழுத்தம் உங்களுக்கு உதவும்.

இரும்புக் கப்பலில் எங்கள் ஜூரி மரம் சிமெண்ட் பெட்டி. தகடு அரித்துக் கசிந்தால் முதலில் மர ஆப்பில் துணி சுற்றி அடிப்போம். சுற்றிலும் துருவைச் சுரண்டி, பலகையில் பெட்டி கட்டி, கசிவு வரும் இடத்திலிருந்து ஒரு சின்னக் குழாயைப் பெட்டிக்கு வெளியே விடுவோம். அந்தக் குழாய்தான் முக்கியம். கசிவுக்கு வழி விடாவிட்டால் ஈரச் சிமெண்டை அது அரித்துக்கொண்டே இருக்கும். சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்ல தண்ணீர், சீக்கிரம் இறுகக் கொஞ்சம் சலவைச் சோடா. நன்றாக இறுகிய பிறகு குழாயின் வாயில் ஒரு ஆப்பு. அப்புறம் கேப்டன், கப்பலைச் சோதித்துத் தகுதிச் சான்று தரும் வகைச்சான்று நிறுவனத்துக்குச் சொல்வார். சர்வேயர் வந்து பார்த்து, இந்தத் தேதிக்குள் தகடு மாற்ற வேண்டும் என்று எழுதுவார்.

ஒரு கப்பலில், பெயர் வேண்டாம், பம்பு அறைக்கு வர்ணம் அடிக்கத் துருவைத் தட்டிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் சத்தம் மாறியது. மூன்று பூச்சு வர்ணத்துக்கு அடியில் சிமெண்ட். பலகையின் ஒரு மூலையில் யாரோ ஆணியால் தேதியைக் கீறியிருந்தார்கள். நாலு வருடத்துக்கு முந்தைய தேதி. கீறியவன் ஒழுங்கானவன், வர்ணம் அடித்தவன்தான் தேதியை மறைத்துவிட்டான். அன்றிலிருந்து நான் கட்டிய எந்தப் பெட்டிக்கும் வர்ணம் அடிக்க விட்டதில்லை. சிவப்பு எண்ணெய்க்கோலில் தேதியும், எந்தத் துறைமுகம் வரைக்கும் என்பதும் எழுதிவைப்பேன். ஜூரி மரத்திலும் அப்படியே எழுதுங்கள், கண் மட்டத்தில். கயிறுகளை ஒவ்வொரு காவல் மாறும்போதும் தொட்டுப் பாருங்கள். புதுக் கயிறு முதல் நாளிலேயே தளரும்.

கையேட்டில் 'நடுவர்' என்பதை அடித்துவிட்டு 'ஜூரி மரம்' என்றே போட்டேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: படகைத் துறைமுகத்தில் கட்டியதும் இறக்க வேண்டிய முதல் பொருள்.